மீடியம் அளவு

மார்ச் 4

குட்டிக்கு,

போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாய். சரி. அந்த மணி அடிப்பதை எத்தனை தடவைதான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது? கடிதத்தையாவது கிழித்துப் போடாமல் படிப்பாய் என்று எழுதுகிறேன். டிரைவிங் ஸ்கூலில் என்னிடம் வண்டி கற்றுக்கொள்ள அடுத்த ஆள் வருவதற்குள் காரில் உட்கார்ந்தே எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

நீ சாப்பாட்டில் பாதியில் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கு நுனியில் கோபம். ஆனால் இந்தத் தடவை கோபப்பட வேண்டியவள் நான். லீவுக்கு என் வீட்டுக்கு வந்தாய். ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் பேனாவை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாய், முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாய். கடைசி நாள் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தபோது அந்தப் பேனாவைத் தற்செயலாகப் பார்த்தேன். நீ வந்த அன்று அதை உள்ளே வைத்தபோது என் கண்ணில் பட்ட அதே கோட்டிலேயே மருந்து நின்றது. அப்படியென்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்னதான் செய்தாய்? குழாயைத் திறந்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாயா?

உன் மாமா எதிரில் கேட்டிருக்கக்கூடாதாம். என் புருஷன் என்ன மூன்றாம் மனிதரா? பாத்ரூம் வாசலில் நின்று, "என் கண்ணு முன்னாடி போடு" என்று சொன்னது அவமானமாம். ஒன்பது வயதில் உன்னை மடியில் கிடத்தி ஊசி போட்டவள் நான்தானே. அப்போது எங்கே போயிருந்தது இந்த அவமானம்?

எங்கள் டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். இளைப்பதற்காகவே இப்படி ஊசியை விடுகிறவர்கள் இருக்கிறார்களாம். இன்சுலின் இல்லாமல் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, எல்லாம் சிறுநீரில் போய்விடும், அப்புறம் உடம்பு தன்னையே தின்ன ஆரம்பிக்கும் என்றார். "திட்டாதீங்கம்மா, இதுவும் ஒரு நோய்தான்" என்றார். ஒரு நோய் போதாதென்று அதன் தலைமேல் இன்னொன்றா என்று கேட்டேன்.

இனி ஒவ்வொரு வேளையும் ஊசி போடுவதைப் போட்டோ எடுத்து அனுப்பு. வேறெதுவும் நான் கேட்கவில்லை.

அக்கா


மார்ச் 13

அக்கா,

போட்டோ அனுப்ப மாட்டேன்.

போனை ஏன் எடுப்பதில்லை தெரியுமா? நான் "ஹலோ" சொல்லி முடிப்பதற்குள் "சுகர் எவ்வளவு?" என்று கேட்பாய். மழை பெய்கிறதா, நன்றாகத் தூங்கினாயா, எதுவும் கிடையாது. இருபது வருஷமாக இதே பல்லவி. கடிதத்தில் நீ என்ன கேட்டாலும் நான் முதலில் வேறு எதையாவது பேசிக்கொள்ளலாம். அதனால் கடிதமே நல்லது.

ராத்திரி போடுகிற ஊசியை நான் விட்டதில்லை, அது வேறு பேனா. சாப்பாட்டு ஊசியைத்தான் விடுகிறேன். செத்துப்போகாத அளவுக்கு ஒரு கணக்கு எனக்குத் தெரியும். இதைப் படித்துவிட்டு நீ தலையில் அடித்துக்கொள்வாய் என்பதும் தெரியும்.

என் வேலை என்ன என்று உனக்குச் சரியாகத் தெரியாது. "ஏதோ துணி கம்பெனி" என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறாய். மொத்தமாக வாங்குகிற கம்பெனிகள் அனுப்பும் அளவுக்கு கட்டிங் மாஸ்டர் ஒரு சாம்பிள் வெட்டுவார். அதைப் போட்டுக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. கையைத் தூக்கு, உட்கார், குனி, திரும்பு. எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது என்று பார்த்து மாஸ்டர் குண்டூசி குத்துவார். அந்தக் குண்டூசிப்படி பேட்டர்ன் அட்டையைத் திருத்துவார். அட்டைப்படி ஆயிரக்கணக்கில் தைப்பார்கள். என் உடம்பு மீடியம் அளவு. அதனால் என் பெயரே அதுதான். "மீடியம் வந்தாச்சா?" "மீடியத்துக்கு ஒரு டீ சொல்லு." முதல் நாள் கேட்டபோது சிரித்தேன். அப்புறம் பிடித்துப்போய்விட்டது. ஒன்பது வயதிலிருந்து என் உடம்பு எல்லோருக்கும் ஒரு தொந்தரவு. பள்ளிக்கூடத்துக்கு, பஸ்ஸுக்கு, கல்யாணப் பேச்சுக்கு. இந்த ஒரு அறையில் மட்டும்தான் அக்கா, என் உடம்பு இருக்க வேண்டியபடி இருக்கிறது என்று நாலு பேர் சொன்னார்கள்.

ஊசியை ஒழுங்காகப் போட்டால் உடம்பு ஊதுகிறது. ஜிப் பாதியில் நிற்கும். மாஸ்டர் திட்ட மாட்டார். "ச்சு" என்று ஒரு சத்தம் மட்டும் கொடுப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டால் அன்று மத்தியானம் பேனாவைத் தொடத் தோன்றாது. ஆரம்பம் இப்படித்தான். இப்போது மாஸ்டர் சத்தம் கொடுக்காத நாளிலும் தொடத் தோன்றுவதில்லை.

நான் பட்டினி கிடப்பதாக நினைக்காதே. சாயங்காலம் அறைக்கு வந்ததும் சிங்க் பக்கத்தில் நின்றபடியே ஒரு முழு பாக்கெட் ரொட்டியும் ஜாமும் தின்கிறேன். உட்கார்ந்து தின்றால் சாப்பாடு மாதிரி ஆகிவிடும் என்று நிற்பேன். தின்றதற்கான சாப்பாட்டு ஊசியைப் போடாமல் படுத்துக்கொள்வேன். தாகம், பாத்ரூம், மறுபடி தாகம். காலையில் மாடிப்படி ஏறும்போது தொடைச் சதையைப் பிடித்துப் பின்னால் யாரோ இழுப்பது போல இருக்கும். அலுத்துவிட்டது அக்கா. சாப்பிடுவது, சாப்பிடாதது, போடுவது, போடாதது, எல்லாமே அலுப்பு.

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

குட்டி


மார்ச் 20

குட்டிக்கு,

படித்துவிட்டு ஆடிப்போய் உட்கார்ந்திருந்தேன். என்ன ஆச்சு என்று உன் மாமா கேட்டார். தலைவலி என்றேன். பார், உன் ரகசியத்தைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

செத்துப்போகாத அளவுக்குக் கணக்குத் தெரியுமாம். யாரிடம் படித்தாய் அந்தக் கணக்கை? கண், சிறுநீரகம், கால் நரம்பு, இவையெல்லாம் உன் கணக்குப்படி நடக்குமா? என் காதில் பூ சுற்றாதே.

இப்போது என்னிடம் ஒருவர் வண்டி கற்றுக்கொள்கிறார். பேங்கில் பெரிய வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். கற்றுக்கொடுக்கிற காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், உனக்குத் தெரியும். நேற்று ஒரு லாரிக்குப் பின்னால் போகும்போது நான் மிதித்துவிட்டேன். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் மிதிக்கத்தான் போனேன். அதுக்குள்ள நீங்க மிதிச்சா நான் எப்பக் கத்துக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் சொன்னேன்: "சார், நீங்க கத்துக்கலாம். ஆனா நானும்தானே இந்த வண்டியில உட்கார்ந்திருக்கேன்."

உனக்கும் அதே பதில்தான். அம்மா இருந்தவரை ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுவாள். அப்பா வீட்டிலேயே இருக்க மாட்டார். என் கல்லூரி வயதெல்லாம் உன் தட்டையும் உன் ஊசியையும் பார்ப்பதிலேயே போனது. தோழிகள் படத்துக்குக் கூப்பிட்டால், "தங்கச்சிக்கு ஊசி நேரம்" என்று திரும்பி வருவேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வளர்த்த உடம்பு அது. அதை நீ துணிக்காரனுக்குக் கொடுத்துவிட்டாய். எனக்கு வயிறு எரிகிறது, சொல்லிவிட்டேன்.

உன் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சுகர் டாக்டரும் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரும் சேர்ந்து பார்க்கிற ஒரு பிரிவு இருக்கிறதாம். நம்பர் தனிச்சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். கூப்பிடு. இல்லாவிட்டால் நான் கிளம்பி வருகிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

வராதே. நானே போகிறேன். ஆர்டர் முடிகிற நேரம், லீவு கேட்டால் எங்கள் மேனேஜர் மேடம் கடித்துக் குதறிவிடுவார். முடிந்ததும் போகிறேன்.

குட்டி


ஏப்ரல் 24

போனாயா?

அக்கா


மே 11

அக்கா,

போகவில்லை. பொய் சொன்னேன். இப்போது சொல்லப்போவதில் பொய் எதுவும் இல்லை.

போன வாரம் ஒரு லாட் சரக்கு முழுக்கத் திரும்பி வந்தது. நீல நிற கவுன். கடைக்குப் போய்ப் பாதி விற்றும்விட்டது, விற்றதையும் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மீடியம் யாருக்கும் ஏறவில்லையாம். மேடம் எல்லோரையும் சாம்பிள் அறைக்குள் வரச் சொன்னார். மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் பேட்டர்ன் தப்பாகாது. மீடியம் மேலேயே போட்டுப் பார்த்து வெட்டினது" என்றார். மேடம் என்னைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் அளந்தார். மார்பு, இடுப்பு, பின்புறம். டேப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி அளந்தார்.

என்ன நடந்தது என்று உனக்குப் புரியும்படி சொல்கிறேன். என்னை மாதாமாதம் அளந்து எழுத வேண்டும் என்பது விதி. மாஸ்டர், "உன்னை என்னத்தை அளக்கிறது, நீதான் அளவே" என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவார். நான் இளைக்க இளைக்க சாம்பிள் என் மேல் தொளதொளவென்று தொங்கியிருக்கிறது. அவர் துணிதான் அதிகம் என்று நினைத்துக் குண்டூசி குத்தி உள்ளே பிடித்திருக்கிறார். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். குண்டூசிப்படி அட்டை. அட்டைப்படி துணி. செக்கிங் பிரிவு அட்டையை வைத்துச் சரிபார்த்து ஓகே போட்டது. தொழிற்சாலையே, நான் கரைகிற அதே வேகத்தில் மீடியத்தைக் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். ஜிப் ஏறுகிறதே என்று சந்தோஷமாக இருந்தேன்.

மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். "என் பேரையே கெடுத்துட்டியேம்மா" என்றார். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் வேலையும் இப்போது தொங்கலில்தான் இருக்கிறது.

என்னை ஃபிட்டிங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்த கவுன்களில் மீடியம் லேபிளைப் பிரித்துவிட்டு ஸ்மால் லேபிள் வைக்கிற மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். பிரிப்பது என் கை, வைப்பது பக்கத்தில் இருக்கிற அம்மாள். நேற்று கடைசிப் பெட்டிகளைத் திறந்தோம். அவை மாஸ்டர் கடைசியாகத் திருத்திய அட்டையில் வெட்டியவை. அந்த அம்மாள் ஒன்றை விரித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஸ்மாலும் இல்லையே, இதுக்கு என்ன லேபிள் வைக்கிறது?" என்று மேடத்திடம் கேட்டாள். மேடம், "தனியா வைங்க, வேஸ்ட்ல போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கவுன் எனக்குச் சரியாக இருந்தது அக்கா. நான் போட்டுக் காட்டி ஓகே வாங்கியது.

வாங்கியவர்கள் எழுதி அனுப்பிய புகார்களை மேடம் சத்தமாகப் படித்தார். துணி மோசம், தையல் மோசம் என்று வழக்கமான வசவுகள். ஒருத்தி மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "நான் எப்போதும் மீடியம்தான் போடுவேன். இது பாதிக்கு மேல் ஏறவில்லை. நான் இவ்வளவு பருத்துவிட்டேன் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்றே." அவள் துணியைக் குறை சொல்லவில்லை. தன்னைச் சொல்லிக்கொண்டாள். எந்த ஊரோ, யாரோ. இனி கொஞ்ச நாள் தட்டைத் தள்ளி வைப்பாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை, அவள் சரியாகத்தான் இருக்கிறாள் என்று யார் போய்ச் சொல்வது? அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வேலை போய்விடும் என்று அழுகிறேன் என நினைத்துப் பக்கத்து அம்மாள் தண்ணீர் கொடுத்தாள்.

சாயங்காலம் நீ அனுப்பிய நம்பருக்குப் போன் செய்தேன்.

குட்டி


மே 17

குட்டிக்கு,

பேனாவை எடுத்து எடுத்துக் கீழே வைத்துவிட்டேன். உன்னைத் திட்டி எழுத எனக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? இன்று வரவில்லை.

எந்த நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் எழுது. சுகர் எவ்வளவு என்று கேட்க மாட்டேன். புகார் எழுதிய அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கும் மனசு கேட்கவில்லை.

பணம் எதுவும் வேண்டுமா? வேண்டாம் என்றுதான் சொல்வாய். கேட்டு வைத்தேன்.

அக்கா


ஜூன் 15

அக்கா,

எழுத்து பெரிது பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. கண் மங்கலாக இருக்கிறது. சுகர் இறங்க ஆரம்பித்தால் கொஞ்ச நாள் பார்வை இப்படித்தான் தடுமாறுமாம். கண்ணுக்குள்ளே தனியாகவும் சோதித்தார்கள். சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் இருக்கிறதாம், அடிக்கடி வந்து காட்ட வேண்டும். இன்னும் கைமீறிப் போகவில்லை என்றார்கள். எழுதாமல் விட்டால் நீயாகக் கற்பனை செய்துகொள்வாய், அதனால் எழுதிவிட்டேன்.

வைத்தியம் என்றால் உடம்பு தேறும் என்றுதானே நினைப்போம்? எனக்கு எல்லாம் தலைகீழ். ஊசி போடாதபோது சும்மா இருந்த கால், போட ஆரம்பித்ததும் எரிகிறது. போர்வை பட்டாலே எரிகிறது. முகமும் பாதமும் நீர் கோத்து வீங்கிவிட்டன. செருப்பு நுழையவில்லை. மாமாவின் செருப்பு சரியாக இருக்கும் போல. ஒரேயடியாக இறக்கக்கூடாது என்று டாக்டர் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுகிறார். அதற்கே இந்தப் பாடு. "இதெல்லாம் வடியும், பொறுத்துக்கோங்க" என்கிறார். எப்போது என்றால், "வாரங்கள் ஆகும், சில பேருக்கு மாதங்கள்" என்கிறார். பொறுப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டாமா?

மனசு டாக்டர் என் வயதுப் பெண். ஊசியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். உன் வீட்டில்தான். பாதியில் எழுந்து வந்தேனே, அன்று.

ஃபிட்டிங்குக்குப் புதுப் பெண் வந்துவிட்டாள். அவளை இப்போது வாராவாரம் அளக்கிறார்கள். அவளையும் மீடியம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னைக் கூப்பிட யாருக்கும் ஒரு பெயர் இல்லை. "லேபிள் டேபிள்ல இருக்கிற பொண்ணு" என்கிறார்கள்.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நேற்று கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். வீங்கி, கண் இடுங்கி, யாரோ ஒருத்தி. மத்தியானம் ஊசி போடவில்லை. ராத்திரி சிங்க் பக்கத்தில் நின்று ரொட்டி பாக்கெட்டைக் காலி செய்தேன். அதற்கும் போடவில்லை. இன்று காலை போட்டேன். மத்தியானம் போட்டேன். இன்று ராத்திரி என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

தவறினால் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று மனசு டாக்டர் சொல்லியிருக்கிறாள். "கத்தாத ஆளாப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள். எனக்கு அப்படி யாரும் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

குட்டி


ஜூன் 19

குட்டிக்கு,

கத்தினேன். பொய் சொல்ல மாட்டேன். மதியம் ஆள் வருவதற்கு முன்னால் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்து ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தேன். தெருவில் போன ஒரு நாய் நின்று பார்த்துவிட்டுப் போனது. உனக்கு வர வேண்டியதில் முக்கால்வாசி அதற்குப் போய்விட்டது. மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை.

நீ ஊசியை விட்டாய் என்பது எனக்குப் புதிது இல்லை. நீயாகச் சொன்னதுதான் புதிது. பேனாவில் கோடு பார்த்து, குப்பைக்கூடை பார்த்து, உன் முகத்தைப் பார்த்து நான் கண்டுபிடித்ததுதான் இத்தனை வருஷமும். "நேற்று போடவில்லை" என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுப் பயமும் வந்தது, ஒரு மாதிரி நிம்மதியும் வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

நானும் களைத்துத்தான் போயிருக்கிறேன் குட்டி. இதை உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால், உன்னால்தான் என்று நீ எடுத்துக்கொள்வாய். உன்னால் இல்லை. காவல் காத்துக் காத்துக் களைத்தேன். உனக்குக் காவல் வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டும் என்று எங்கள் டாக்டர் சொல்கிறார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்க, அவங்க தட்டைப் பார்க்காதீங்க" என்றார். என்னால் முடியுமா என்று தெரியவில்லை. பழகிய கண், சட்டென்று திரும்பாது. பார்த்துவிட்டால், "அக்கா, கண்ணு" என்று சொல். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

டிரைவிங் ஸ்கூலில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பேங்க்காரர் இந்த வாரம் வேறு ஆளோடு லாரிக்குப் பின்னால் போகட்டும். மாமா தன் பழைய செருப்பை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஏறுகிறேன்.

அந்த பஸ் சொன்ன நேரத்துக்கு வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நீ எனக்காகக் காத்திருக்க வேண்டாம். ஊசி போட்டுக்கொண்டு, உட்கார்ந்து சாப்பிட்டுவிடு. எனக்கும் கொஞ்சம் எடுத்து வை.

அக்கா